கையைக் கட்டிக்கொண்டு நின்றால் குற்றமா?

மதுரை நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்துகிறவன் என்பதால், ‘நான் எதுவும் செய்யவில்லையே, என் மேல் எப்படி வழக்கு?’ என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. இந்த முறை வந்தவற்றுக்குப் பதில் இதோ.

வண்டியூர்க்காரர் ஒருவர்: வக்கீல் ஐயா, கண்மாயில் ஒரு பையன் தத்தளித்தான். எனக்கு நீச்சல் தெரியும், பயத்தில் இறங்கவில்லை. வேறு ஆட்கள் தூக்கிவிட்டார்கள். அவன் இறந்திருந்தால் நான் குற்றவாளியா?

இல்லை, தம்பி. அவனை நீங்கள் தள்ளிவிடவில்லை, குளிக்கக் கூட்டிப் போகவும் இல்லை. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 32-வது பிரிவு, ‘செயல்’ என்று சொல்லும் இடத்தில் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டதும் சேரும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 3(4) பிரிவு. ‘சட்டவிரோதமாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. செய்தே ஆகவேண்டிய கடமை உங்களுக்கு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அவனுடைய அப்பாவோ, சம்பளம் வாங்கும் நீச்சல் மாஸ்டரோ கரையில் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் என் பதில் வேறு. பிரான்சிலும் ஜெர்மனியிலும், தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போவது தனிக் குற்றம். நம் சட்டத்திலும் அது வரவேண்டும் என்பது என் ஆசை.

செல்லூரிலிருந்து ஓர் அக்கா: பக்கத்து வீட்டில் வயதான தாயை அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவேளைச் சோறுகூட ஒழுங்காகப் போடுவதில்லை. அடிக்கவில்லையே என்கிறான் மகன்.

அக்கா, அடித்தால்தான் குற்றம் என்று யார் சொன்னது? பஞ்சாபிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மனைவியை வீட்டுக்குள் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி போட்டான் கணவன். எலும்பும் தோலுமாக அவள் தப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள், பிழைத்தும் கொண்டாள். சோறு போடாமல் விட்டதையே கொலை முயற்சி என்று கொண்டு அவன் தண்டனையை உறுதி செய்தார்கள். அவளாக வெளியே போய்ச் சாப்பிட முடியாத நிலையில் இருந்தாள் என்பது அங்கே முக்கியம். நீங்கள் சொல்லும் தாய்க்கும் அதே நிலைதான். கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். முதியோருக்கான 14567 எண்ணுக்கு இன்றே பேசுங்கள். உயிருக்கே ஆபத்து என்று பட்டால் 112. அப்புறம், பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் முதியவரை ஒரேயடியாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால், 2007-ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தில் 3 மாதம் வரை சிறை உண்டு.

பாலமேடு, மாடு வளர்ப்பவர்: அண்ணே, கயிறு நைந்துபோனது தெரியும், மாற்றவில்லை. காளை அறுத்துக்கொண்டு ஓடி ஒருவரை முட்டிவிட்டது. முட்டியது மாடுதானே?

முட்டியது மாடு, கயிற்றை மாற்றாதது நீங்கள். தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதே நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போயிருந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 106-வது பிரிவும் வரும். நைந்தது தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். முதலில் போய் அடிபட்டவரின் வைத்தியச் செலவைப் பாருங்கள்.

ஓட்டுநர், மேலூர்: விபத்து நடந்தால் கூட்டம் அடிக்கும் சார், நிற்க முடியுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு உங்கள் பயத்தையும் யோசித்திருக்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் தவிர, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநர் கடமை. அங்கிருந்து தப்பினாலும் நேராகக் காவல் நிலையம் போய்த் தகவல் சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஆசிரியை: ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடக்கிறதோ என்று சந்தேகம். எனக்கு உறவில்லை, சும்மா இருந்துவிடலாமா?

கூடாது, அம்மா. கண்மாய்க்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, தகவல் சொல்லும் கடமையை உறவு பார்க்காமல் எல்லார் மேலும் வைத்திருக்கிறது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை. நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, சொன்னால் போதும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் குறித்துக்கொண்டு இன்று மாலைக்குள் பேசிவிடுங்கள்.