வெர்னியர் இல்லாமல் கண்காட்சிக்குப் போகாதீர்கள்

சைக்கிள் கேள்வி – பதில்

சைக்கிள் தொழில் கண்காட்சிக்குப் போவது பற்றி இந்த மாதம் நெல்லைச் சீமையிலிருந்து நிறையக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்: எனக்குச் சைக்கிள் கடை கிடையாது, சைக்கிள் பித்து மட்டும் உண்டு. தொழில் கண்காட்சிக்குள் விடுவார்களா? லூதியானா போகலாமா, தைபே போகலாமா?

விடுவார்கள், நாள் பார்த்துப் போனால். பெரிய கண்காட்சிகளில் முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கு, கடைசி நாளோ கடைசி இரண்டு நாட்களோ பொதுமக்களுக்கு என்று பிரித்திருப்பார்கள். வியாபார நாளில் நுழைய விசிட்டிங் கார்டும் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும் கேட்பது வழக்கம். உங்களூர்க் கடைக்காரர் ஒருவரோடு அவர் கடையின் பெயரில் பதிவுசெய்து போவது நேர்வழி. போலிக் கார்டு அடித்துக்கொண்டு போகாதீர்கள், ஸ்டாலில் உட்கார்ந்ததும் "மாதம் எத்தனை செட் எடுப்பீர்கள்?" என்பார்கள், அங்கேயே வெளுத்துவிடும்.

லூதியானாவும் தைபேயும் வெவ்வேறு காரியத்துக்கு. ஹீரோ 1956-ல் லூதியானாவில் தொடங்கியது. ஏவானும் அந்த ஊர்தான். இங்கே ஓடும் கம்பி பிரேக் சைக்கிளுக்கு (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) ரிம், பெடல், பிரீவீல், மட்கார்டு என்று சில்லறைச் சாமான் முழுவதும் அங்கே கிடைக்கும். கண்காட்சி முடிந்த மறுநாள் கில் ரோடு, மில்லர்கஞ்ச் பக்கம் ஒரு சுற்று வாருங்கள். அரங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அங்கே சாக்கில் கிடக்கும். கியர் சைக்கிள், கார்பன், டிஸ்க் பிரேக் இவற்றில்தான் ஆசை என்றால் தைபே. அங்கே மார்ச் மாதம் நாங்காங் அரங்கில் கண்காட்சி நடக்கும். ஜயன்ட், மெரிடா இரண்டும் 1972-ல் தைவானில் பிறந்தவை. விசா விவரத்தைச் சென்னையில் உள்ள தைபே பொருளாதார, பண்பாட்டு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1991-ல் தொடங்கிய ஐரோப்பியச் சைக்கிள் கண்காட்சியான யூரோபைக் 2022 முதல் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து லூதியானா மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேர் வண்டி கிடைக்காவிட்டால் சென்னை எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு மாற வேண்டும், டெல்லியில் இன்னொரு மாற்றம். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் அவசியம். நம்மூர் மார்கழிக்குப் போதுமான துண்டு அங்கே போதாது.

சைக்கிள் கடைக்காரர், மேலப்பாளையம்: முதல் தடவை போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்? போன வருடம் போன நண்பர் வாங்கிவந்த டயர் எதற்கும் சேரவில்லை.

உங்கள் நண்பர் அட்டையில் இருந்த அங்குலத்தை நம்பியிருப்பார். சைக்கிள் டயரில் அங்குலம் என்பது பட்டப்பெயர் மாதிரி. நம்முடைய கம்பி பிரேக் சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. வெளிநாட்டு ஸ்டாலில் "28 இன்ச்" என்று தருவது பெரும்பாலும் 622, அதாவது 700 சி. பதின்மூன்று மி.மீ. வித்தியாசம்; டயர் லிவரை வளைத்தாலும் ஏறாது. 26-லும் இதே கூத்து. லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590. மலைச் சைக்கிளின் 26 × 1.95, 26 × 2.125 எல்லாம் 559. டயரின் பக்கவாட்டில் 40-635, 37-590, 50-559 என்று இரண்டு எண் சேர்த்து அச்சடித்திருக்கும். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம். பேரம் பேசும்போது பின் எண்ணைச் சொல்லிப் பேசுங்கள், ஆர்டர் தாளிலும் அதையே எழுத வையுங்கள்.

புறப்படும் முன் ஒரு நாள் கடையை மூடிவிட்டு, உங்களிடம் அதிகம் வரும் ஐந்தாறு ரகச் சைக்கிளை வெர்னியரால் (மி.மீ.யை நுட்பமாக அளக்கும் கருவி) அளந்து ஒரு சிறிய நோட்டில் எழுதுங்கள். அளக்க வேண்டியவை:

பின் ஃபோர்க்கின் உள் இடைவெளி. பழைய ரகத்தில் 110 மி.மீ. அளவில் இருக்கும்; ஏழு கியர் மலைச் சைக்கிள் வீல் 135 கேட்கும். இந்த 25 மி.மீ.யை ஃபோர்க்கை விரித்துச் சமாளிக்கலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிராப்அவுட் (ஆக்சில் உட்காரும் ஃபோர்க் முனை) கோணலாகி ஆக்சில் வளையும், செயின் விழும்.

பி.பி. குழாயின் (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் குழாய்) அகலமும் மரையும். 68 மி.மீ. அகலமும், 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரையும் இருந்தால் சதுர முனை கார்ட்ரிட்ஜ் பி.பி. போடலாம்; காட்டர் பின் (பெடல் கையை அச்சோடு இறுக்கும் ஆப்பு) அடித்துத் தேயும் தொல்லை ஒழியும். செயின் பக்கத்துக் கப் இடது மரை என்பதை மறந்தால் கப் உடையும். மரையே இல்லாத பிரஸ்ஃபிட் ரகம் ஸ்டாலில் பளபளக்கும். நம் ஃபிரேமுக்கு ஆகாது.

போக்ஸ் ஓட்டை. பழைய ரகத்தில் முன்னே 32, பின்னே 40. புது ஹப்கள் பெரும்பாலும் 32 அல்லது 36-ல் வரும். 32 ஓட்டை ரிம்மை மட்டும் வாங்கிவந்து 40 ஓட்டை ஹப்போடு வைத்துப் பார்த்தால் எட்டு ஓட்டை இடிக்கும்.

செயின். ஒற்றைப் பல்லுக்கு ½ × ⅛, கியருக்கு ½ × 3/32. மெல்லிய செயின் தடித்த பல்லில் இறங்காது. தடித்தது கியரில் மாறாது. கடையில் தேய்மானம் பார்க்க ஸ்டீல் ஸ்கேல் போதும்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். ⅛ கூடினால் பிரீவீலும் போய்விட்டது என்று பொருள்.

தேய்ந்த சாமான் இரண்டு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆங்கிலத்தையோ இந்தியையோ விட, உடைந்த பெடல் ஆக்சில் ஒன்று ஸ்டால்காரனுக்குச் சீக்கிரம் புரியும். கேட்லாக்கைச் சுமக்காதீர்கள். வேண்டிய பக்கத்தையும் ஸ்டால் எண்ணையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போனில் எடுங்கள், கேட்டுவிட்டு.

அதே வாசகர்: நேரடியாக ஃபாக்டரியில் ஆர்டர் கொடுத்தால் லாபம்தானே?

கன்டெய்னர் அளவில் எடுத்தால். "எம்.ஓ.க்யூ. என்ன?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று அர்த்தம். உங்கள் கடைக்கு மூன்று வருடத்துக்கு ஆகும் எண்ணிக்கையைச் சொன்னார்கள் என்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். வெளிநாட்டு விலை பெரும்பாலும் எஃப்.ஓ.பி., அதாவது அவர்கள் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைதான். கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி., தூத்துக்குடியிலிருந்து லாரி எல்லாம் உங்கள் தலையில். சைக்கிளுக்கு எச்.எஸ். எண் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 8712, உதிரிப்பாகத்துக்கு 8714. டயரும் டியூபும் தனித்தனி எண். 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு ஏற்றும் முன் என்பது பரவலான ஏற்பாடு. ஊர் திரும்பிய பிறகு "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். கண்காட்சியில் வாங்கிய கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இந்த மோசடி எல்லாத் தொழிலிலும் நடக்கிறது.

கல்லூரி மாணவர், வள்ளியூர்: உடமுள்ளால் வாரம் இரண்டு பஞ்சர். கண்காட்சியில் டியூப்லெஸ் பார்த்து வாங்கலாமா?

கியர் சைக்கிள் என்றால் வாங்கலாம், மூன்றும் சேர்ந்திருந்தால்: டியூப்லெஸ் ரிம், டியூப்லெஸ் டயர், காற்றுப் புகாத ரிம் டேப். ஒன்று குறைந்தாலும் ராத்திரியோடு காற்று இறங்கும். டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஒட்டும் முன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கை எண்ணெய் பட்டால் டேப் எழும்பும். உள்ளே ஊற்றும் பால் (ஓட்டையை அடைக்கும் சீலன்ட்) 700 × 35 டயருக்கு 50 மி.லி. அளவில், 29 × 2.2 டயருக்கு 100 மி.லி. அளவில். டப்பாவை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் அடியில் தங்கிய துகள் அங்கேயே நின்றுவிடும்; ஓட்டையை அடைக்க அந்தத் துகளும் வேண்டும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் திரும்ப ஊற்றுங்கள். முள் ஏறினால் பிடுங்கிவிட்டு ஓட்டை கீழே வருமாறு வீலைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள்.

கம்பி பிரேக் சைக்கிளுக்கு இது சரிப்படாது. அந்த ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஆனது இல்லை. பாலை டியூபுக்குள் ஊற்றலாம் என்றால், வால்டியூப் ரப்பர் அதில் ஒட்டிப்போய் அப்புறம் காற்றே ஏறாது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே போடும் முள்தடுப்புப் பட்டையைக் கேளுங்கள். அதன் முனையைக் கத்தரியால் வட்டமாக வெட்டி, முகப்பவுடர் தூவிப் போட வேண்டும். கூர் முனையை அப்படியே விட்டால், முள் செய்யாத பஞ்சரை அந்தப் பட்டை செய்துவிடும்.

மீன் வியாபாரி, உவரி: எதை வாங்கினாலும் ஆறு மாதத்தில் துரு. ஸ்டாலில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், குரோம் பூசிய இரும்பு ரிம்தான் ஸ்டாலில் அதிகம் மின்னும், உப்புக் காற்றில் முதலில் புள்ளி விழுவதும் அதுதான். அலுமினிய ரிம், எவர்சில்வர் போக்ஸ் கம்பி கேளுங்கள். சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். கம்பியில் சடக்கென்று ஒட்டினால் இரும்பு. லேசாக இழுத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல எவர்சில்வர் கம்பியும் இழுத்து நீட்டப்பட்டதால் கொஞ்சம் காந்தம் ஏற்கும். "உப்புத் தெளிப்புச் சோதனை எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். மணி நேரமும் சோதனைத் தரமும் எழுதிய தாளைக் காட்டுபவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

வாங்கிய பிறகு: இரும்பு ஃபிரேமில் அலுமினிய சீட் கம்பியைக் கிரீஸ் தடவாமல் செருகாதீர்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரித்து இறுகிவிடும், பிறகு ரம்பம்தான். மீன் கூடையிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பின் ஹப்பில்தான் சொட்டும். அன்றன்றைக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தாலே பால்ரஸ் அதிக நாள் நிற்கும். பைப்பை நேராக ஹப்பில் பீய்ச்சாதீர்கள்.

தென்காசி வாசகர்: புளியரை வளைவில் ஏறி ஆரியங்காவு போக ஆசை. சோதனை ஓட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கண்காட்சியின் ஓட்டப் பாதை பெரும்பாலும் தட்டையானது. எந்தச் சைக்கிளும் அங்கே பறக்கும். பல்லை எண்ணிவிட்டுக் கணக்குப் போடுங்கள். 44 பல் முன்னே, 18 பின்னே உள்ள 28 அங்குலச் சைக்கிள் ஒரு மிதிக்கு (பெடல் ஒரு முழுச் சுற்று) சுமார் 5.5 மீட்டர் போகும். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்கு 24 மிதிதான் வரும், முட்டி கழன்றுவிடும். முன்னே 30, பின்னே 34 உள்ள 700 சி சைக்கிளில் ஒரு மிதிக்கு 1.9 மீட்டர், அதே வேகத்தில் நிமிடத்துக்கு 70 மிதி, உட்கார்ந்தபடி ஏறலாம். ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு பக்கம் எதிர்காற்றில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். விற்பனையாளர் மேல் கியரையும் எடையையும் பேசுவார். நீங்கள் கீழ் கியரைக் கேளுங்கள்.

பேட்டை வாசகர்: பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமலும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. வெளிநாட்டு அரங்குகளில் 45 கிலோமீட்டர் ஓடும் ரகமும் நிற்கும். அது இங்கே மோட்டார் வாகனக் கணக்கில் சேரும். அந்த பேட்டரியைப் பயணிகள் விமானத்திலும் ஏற்றமாட்டார்கள்.

ஆழ்வார்குறிச்சி வாசகர்: வாங்கிய சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டுவருவது?

டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவுசெய்தால் அதே வண்டியில் எஸ்.எல்.ஆர். பெட்டியில் (லக்கேஜ் ஏற்றும் பெட்டி) வரும். இரண்டு மணி நேரம் முன்னால் பார்சல் ஆபீஸில் இருங்கள். பெடல் இரண்டையும் கழற்றுங்கள். இடது பெடல் எதிர்த் திசையில் கழலும். ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, சீட்டை இறக்கி, பின் டிரெயிலியரை (செயினைப் பல் மாற்றும் கருவி) அது தொங்கும் கொக்கியிலிருந்து அவிழ்த்து உள்பக்கம் சுற்றிக் கட்டுங்கள். அடிபட்டு வளைவது பெரும்பாலும் அந்தக் கொக்கிதான், ஆகவே அதே ரகத்தில் இன்னொன்றை ஸ்டாலிலேயே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு, ஊரில் தேடினால் கிடைக்காது. முன்வீலைக் கழற்றினால் ஃபோர்க் நடுவே ஒரு கட்டையைக் கொடுங்கள். சாக்குச் சுற்றி, பெயரும் இறங்கும் ஸ்டேஷனும் சாக்கின் மேல் ஒரு தடவை, ஃபிரேமில் ஒட்டி ஒரு தடவை எழுதுங்கள்.

இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனுக்குப் போடாதீர்கள், இறக்காமலே போய்விடும். நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியோடு முடிகிறது. அதில் போட்டால் சைக்கிள் உங்களைத் தாண்டிப் போக வழியில்லை. சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மீன்பாடி வண்டி பேச வேண்டாம். இரண்டு கிலோமீட்டர்தான், பெடலை மாட்டி ஓட்டிக்கொண்டு போங்கள்.