கை பட்டா சுவர்ல பெயிண்ட் உதிருது, கம்பெனி மேல கேஸ் போடலாமா?

கேள்வி: நான் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்து செய்றவன். ஒரு ஸ்கூல் கட்டடத்துக்கு உள்பக்கம் முழுக்க வெள்ளை மேட் எமல்ஷன் அடிச்சேன். ஆறு மாசத்துல சுவர துடைச்சா துணியில மாவா வருது. ஈரத்துணி பட்ட இடத்துல அடியில இருந்த பழைய பச்சை தெரியுது, காஞ்சா திரும்ப வெள்ளை ஆயிடுது. ஓனர் என் ஆளுங்க முன்னாடியே என்னை கேவலமா திட்டி, கடைசி பில்ல நிறுத்திட்டாரு. கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்கன்னு சொல்லிட்டு போனவர் அப்புறம் போனே எடுக்கல. பெயிண்ட் லேப்ல வேலை பாக்குற நண்பர், பிக்மென்ட் (நிறம் தர்ற பொடி) அதிகம், பைண்டர் (பொடிய ஒட்ட வைக்கிற பசை) கம்மி, பிவிசி (பிக்மென்ட் வால்யூம் கான்சென்ட்ரேஷன்) எல்லை தாண்டிடுச்சுன்னு சொல்றாரு. சுவர்ல இருந்து சுரண்டி டெஸ்டுக்கு குடுத்தேன், பெரும்பகுதி சாம்பலாதான் நின்னுச்சு. சில இடத்துல பேட்ச் வேலைக்கு பசங்க கொஞ்சம் சாக் பவுடர் கலந்தாங்க, அது பெரிய விஷயம் இல்ல. மோசடி கேஸ் போடணும், என் பேரு கெட்டுப்போச்சு. பக்கெட் மேலயும் டேட்டா ஷீட்லயும் போட்டிருக்கறத போட்டோ எடுத்து வச்சிருக்கேன். சீல் உடைக்காத பக்கெட் ரெண்டு மீதி இருக்கு.

பதில்: ஓனர் திட்டினது, கம்பெனி ஆளு போன் எடுக்காதது, பேரு கெட்டது, இதெல்லாம் ஒரு ஓரமா வைங்க. வருத்தம் புரியுது, ஆனா கேஸ் அதுல நிக்காது. நீங்க அனுப்பின போட்டோல ஒரே ஒரு வரிதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு, டேட்டா ஷீட்ல "வெட் ஸ்க்ரப் கிளாஸ் 2"ன்னு (ஈரமா தேய்ச்சா பெயிண்ட் எவ்வளவு தாங்கும்ங்கற தரம்) இருக்கு பாருங்க, அதுதான் உங்க கேஸ். அந்த வரிக்கும் சீல் உடைக்காத அந்த ரெண்டு பக்கெட்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம் இருக்குங்கறத தவிர மத்த எதையும் பேசாதீங்க.

மோசடிங்கற வார்த்தைய இன்னைக்கே விட்டுடுங்க. ஏமாத்தணும்னு நினைச்சே செஞ்சாங்கன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலைல வந்து விழும், உங்களால அது முடியாது. பிக்மென்ட் அதிகம் போடறது தப்பே இல்ல. காஞ்ச படலத்துல பிக்மென்டும் ஃபில்லரும் (சாக் பவுடர் மாதிரி நிரப்பற பொடி) சேந்து பிடிக்கிற கன அளவு சதவீதம்தான் பிவிசி, பளபளப்பான பெயிண்ட்ல அது 15, 20 சதவீதம்னு இருக்கும், மேட் பெயிண்ட்ல பாதிக்கு மேலயே போகும், சீலிங் பெயிண்ட் பலதும் வேணும்னே எல்லைய தாண்டித்தான் செய்றாங்க, இரும்புக்கு அடிக்கிற ஜிங்க் ரிச் பிரைமர்ல துகள் ஒண்ணோட ஒண்ணு தொட்டாதான் துருவுக்கு எதிரா வேலையே செய்யும், அதனால அங்க துத்தநாகத்த திணிச்சே ஆகணும். "பிவிசி ஜாஸ்தி"ன்னு நீங்க நோட்டீஸ்ல எழுதினா, மேட் பெயிண்ட் அப்படித்தான் இருக்கும்னு ஒரே வரியில பதில் வரும். ஆனா "கிளாஸ் 2ன்னு சொன்னீங்க, இது கிளாஸ் 2 இல்ல"ன்னு எழுதினா அவங்க பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா அதுக்கு அளவு இருக்கு. ஈஎன் 13300ங்கற ஐரோப்பிய தரநிலை படி கிளாஸ் 2ன்னா 200 தடவை ஈரமா தேய்ச்சதுக்கு அப்புறம் படலத்துல 5 மைக்ரான்ல இருந்து 20 மைக்ரானுக்குள்ளதான் தேயணும். 20 தாண்டினா கிளாஸ் 3, 70 தொட்டா அதுவும் இல்ல. இது லேப்ல அளந்து வர்ற நம்பர், இதுல வாய்ப்பேச்சுக்கு இடம் கிடையாது.

உங்க நண்பர் சொன்ன கெமிஸ்ட்ரி சரிதான், 1949லயே அஸ்பெக், வான் லூன்னு ரெண்டு பேர் இத எழுதி வச்சிட்டாங்க. துகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளிய நிரப்ப சரியா போதுமான பைண்டர் இருக்கற புள்ளிதான் கிரிட்டிக்கல் பிவிசி, அத தாண்டினா இடைவெளியில காத்து உக்காந்துக்கும், அப்ப பளபளப்பு போகும், ஈரம் உள்ள இறங்கும், தேய்ச்சா உதிரும். ஆனா மறைக்கிற சக்தி மட்டும் கூடும், ஏன்னா அந்த காத்துப்பையும் ஒளிய சிதறடிக்குது. நீங்க சொன்ன பச்சை விவகாரம் இதுதான். சாக் பவுடரோட ஒளிவிலகல் எண் (ஒளிய எவ்வளவு வளைக்குதுங்கற அளவு) 1.6 பக்கம், பைண்டர் 1.5 பக்கம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால பைண்டருக்குள்ள முழுசா மூழ்கின சாக் பவுடர் ஒண்ணையும் மறைக்காது. சுத்தி காத்து இருந்தா மறைக்கும். அந்த காத்து இருக்கற இடத்துக்கு தண்ணி போனதும் மறைப்பு போயிடுது, பச்சை தெரியுது, காஞ்சா காத்து திரும்ப வந்துடுது, வெள்ளை ஆயிடுது. டைட்டானியம் (டைட்டானியம் டை ஆக்சைடுங்கற வெள்ளை பிக்மென்ட்) நிறைய இருந்தா அதோட எண் 2.7, ஈரம் பட்டாலும் பெருசா மாறாது. இத வீடியோ எடுங்க, தேதியோட, ஓனர் ஆளு ஒருத்தரும் கம்பெனி ஆளு ஒருத்தரும் பக்கத்துல நிக்கும்போது எடுங்க. ஆனா அந்த வீடியோ காட்டறது படலத்துல ஓட்டை இருக்குன்னு மட்டும்தான், அந்த ஓட்டைய யார் போட்டதுன்னு காட்டாது. ஜனங்க விழற குழி இங்கதான் இருக்கு.

சுரண்டி எடுத்த சாம்பல் ரிப்போர்ட்ட வெளிய காட்டாதீங்க. 450 டிகிரி பக்கம் சூடு பண்ணினா பைண்டர் எரிஞ்சு போகும், பிக்மென்டும் ஃபில்லரும் நிக்கும், அதுதான் டெஸ்ட். சுவர சுரண்டும்போது பெயிண்ட் மட்டுமா வருது? அடியில சுவர சமமாக்க பூசின பட்டியும் (புட்டி) வருது, அந்த பட்டியும் பெரும்பாலும் அதே சாக் பவுடர்தான். அப்ப உங்க சாம்பல்ல எவ்வளவு பெயிண்ட், எவ்வளவு பட்டின்னு எந்த லேபாலயும் பிரிச்சு சொல்ல முடியாது. என்கிட்ட வந்த ஒரு கட்சிக்காரர் இந்த மாதிரி ரிப்போர்ட்ட நோட்டீஸோட இணைச்சு அனுப்பிட்டாரு. குறுக்கு விசாரணையில எதிர்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, மாதிரிய எடுத்தது யாரு, கூட யார் இருந்தாங்க. ரெண்டாவது கேள்வி பட்டி. நிபுணர் வாய் அடைச்சு நின்னாரு, அதுக்கப்புறம் அந்த கேஸ்ல நல்ல சாட்சியா இருந்ததும் எடுபடல.

இன்னொண்ணு, அந்த ரிப்போர்ட் எடை சதவீதம் சொல்லுது, பிவிசி கன அளவு. ஒரு கணக்கு பாருங்க. 20 கிராம் பைண்டரோட 40 கிராம் டைட்டானியம் சேந்தா பிவிசி 36 சதவீதம் பக்கம் வரும், அதே 20 கிராமோட 40 கிராம் சாக் பவுடர் சேந்தா 45 பக்கம் போயிடும், ஏன்னா சாக் பவுடர் அடர்த்தி கம்மி, இடம் ஜாஸ்தி பிடிக்கும். எடை ஒண்ணுதான், படலம் வேற. எல்லையும் எல்லா பெயிண்டுக்கும் ஒரே நம்பர் கிடையாது, துகளோட அளவு, அது எவ்வளவு எண்ணெய் உறிஞ்சும், பைண்டர் எந்த வகைன்னு ஒவ்வொண்ணுக்கும் மாறும். அதனால உங்க நண்பர கூண்டுல ஏத்தாதீங்க. "இந்த கலவைக்கு கிரிட்டிக்கல் பிவிசி எவ்வளவு, நீங்க அளந்தீங்களா"ன்னு கேட்டா அவர்கிட்ட பதில் இருக்காது. ஸ்க்ரப் டெஸ்டுக்கு இந்த கேள்வியே வராது, அதனாலதான் திரும்ப திரும்ப அதையே சொல்றேன்.

இப்ப உங்க பக்கத்துக்கு வரேன், இத நீங்க லேசா எழுதியிருக்கீங்க, எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. பசங்க சாக் பவுடர் கலந்தது பெரிய விஷயம் இல்லன்னு சொல்றீங்க. பைண்டரே இல்லாத பவுடர பக்கெட்ல கொட்டினா பிவிசி ஏறும், ஏற்கனவே எல்லை ஓரத்துல இருக்கற மேட் பெயிண்ட் அதோட அந்தப்பக்கம் போயிடும். எந்த சுவர், எந்த ரூம்னு பசங்கள உக்கார வச்சு கேட்டு இன்னைக்கே எழுதி வைங்க. அந்த சுவர்கள கம்பெனி மேல இருக்கற கோரிக்கையில இருந்து நீங்களே எடுத்துடுங்க, எதிர்தரப்பு கண்டுபிடிச்சு எடுத்தா மொத்த கட்டடத்துக்கும் அதையே சொல்லுவாங்க. பிரைமர் அடிச்சீங்களான்னு நீங்க எழுதவே இல்ல. உறிஞ்சற சுவர்ல பிரைமர் இல்லாம அடிச்சா பைண்டர சுவர் குடிச்சிடும், மேல பவுடர் மட்டும் நிக்கும், அதுவும் பாக்க இதே மாதிரிதான் உதிரும். பிரைமர் வாங்கின பில் இருக்கா? இருந்தா பத்திரமா வைங்க. இல்லன்னா கோர்ட் வாசல மிதிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லுங்க.

தண்ணி விஷயத்துல மட்டும் நீங்க பயப்பட வேண்டாம். தண்ணி காஞ்சு போயிடும், பிக்மென்டுக்கும் பைண்டருக்கும் இருக்கற விகிதத்த அது மாத்தாது. ரொம்ப ஊத்தினா படலம் மெலிசாகும், மறைப்பு குறையும், படலம் சரியா சேராம போகவும் வாய்ப்பு இருக்கு, அது உண்மை, ஆனா பைண்டர் கம்மிங்கறதுக்கு தண்ணி காரணம்னு அவங்க நிபுணர் சத்தியம் பண்ணி சொல்ல மாட்டாரு. எவ்வளவு கலந்தீங்கன்னு கேட்டா டேட்டா ஷீட்ல போட்ட அளவுக்குள்ளதான்னு ஞாபகம் வச்சு நேர்மையா சொல்லுங்க. தாண்டியிருந்தா அதையும் என்கிட்ட முன்னாடியே சொல்லுங்க.

அந்த ரெண்டு பக்கெட்ட தொடாதீங்க. வெயில் படாத இடத்துல வைங்க, பேட்ச் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, சுவர்ல அடிச்ச பெயிண்டோட பேட்ச் நம்பரும் அதுவும் ஒண்ணான்னு பில்லயும் காலி பக்கெட்டையும் வச்சு ஒத்துப்பாருங்க. வேற பேட்ச்னா இந்த ஆதாரத்துக்கு பாதி பலம் போச்சு. கம்பெனிக்கு எழுத்துல தேதி குடுத்து கூப்பிடுங்க, மூணு தரப்பும் இருக்கும்போது ஐஎஸ்ஓ 15528 முறைப்படி மாதிரி எடுத்து மூணா பிரிச்சு, மூணு பேரும் சீல் மேல கையெழுத்து போடணும். கூப்பிட்டும் வரலன்னா வரலங்கறதையும் எழுதி வச்சிட்டு எடுங்க. பக்கெட் தீந்துடும்னு அவசரப்பட்டு நண்பர் லேபுக்கு ஒரு டப்பா ஊத்தி அனுப்பிடாதீங்க, சீல் உடைஞ்ச பக்கெட் சாதாரண பெயிண்ட்தான், சாட்சி இல்ல. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி படலம் 28 நாள் காயணும், ஸ்க்ரப் அளக்கறது ஐஎஸ்ஓ 11998. அதுக்குள்ள குறை சொல்ற காலக்கெடு ஓடிடும், பில்லுக்கு பின்னாடி பொடி எழுத்துல இத்தனை நாளுக்குள்ள புகார் குடுக்கணும்னு இருக்கும், அத இப்பவே படிங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், புகார் கடிதம் முதல்ல போகட்டும்.

நல்லபடியா ரிசல்ட் வந்து கிளாஸ் 3ன்னே வந்தாலும் என்ன கிடைக்கும்னு சொல்லிடறேன். பெரும்பாலான பெயிண்ட் பில்லுலயும் டேட்டா ஷீட்லயும், குறை இருந்தா மாத்து பெயிண்ட் குடுப்போம், அதோட எங்க பொறுப்பு முடிஞ்சதுன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரிய உடைக்கலாம், உடைக்க வருஷக்கணக்குல ஆகும். உங்க செலவுல பெரிய பங்கு கூலி, பெயிண்ட் விலை இல்ல. அதனால என் ஆலோசனை, சமரசத்துக்கு போங்க. கம்பெனி பெயிண்டும் பிரைமரும் குடுக்கட்டும், கூலில ஒரு பங்கு கேட்டு பாருங்க, ஓனர் நிறுத்தின பில்ல வேலை முடிஞ்ச அன்னைக்கே விடுவிக்கட்டும், மூணு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போடுங்க.

அந்த பேப்பர்ல ரெண்டு விஷயம் இல்லாம கையெழுத்து போடவே கூடாது. முதல்ல சீலர். உதிர்ற படலத்து மேல நேரா புது பெயிண்ட் அடிச்சா, புதுசு ஒட்டிக்கறது அந்த மாவுலதான், கொஞ்ச நாள்ல ரெண்டும் சேந்து உரிஞ்சு வரும், அப்ப "முழு இறுதி தீர்வு"ன்னு கையெழுத்து போட்ட நீங்கதான் மாட்டுவீங்க. தளர்ந்தத தேய்ச்சு எடுத்துட்டு, உள்ள இறங்கி பிடிக்கிற சீலர் அடிச்சு, அதுக்கு மேலதான் புது கோட்டுன்னு எழுதுங்க, சீலர் யார் செலவுன்னும் எழுதுங்க. ரெண்டாவது, ஒவ்வொரு தளத்துலயும் ஒரு சின்ன பகுதிய அடிக்காம விட்டு போட்டோ எடுத்து, பேப்பர் முடியற வரைக்கும் அப்படியே வைக்கணும். மொத்தமும் அடிச்சு மூடிட்டு அப்புறம் கம்பெனி பின்வாங்கினா காட்டறதுக்கு சுவர்ல ஒண்ணும் இருக்காது, கட்சிக்காரங்க அப்படி கைய பிசைஞ்சுட்டு உக்காந்தத நான் பாத்திருக்கேன்.

கடைசியா, ஓனருக்கு "கவலைப்படாதீங்க சார், நானே என் செலவுல திரும்ப அடிச்சு தரேன்"னு வாட்ஸாப்ல எதாவது அனுப்பியிருக்கீங்களா? இந்த மாதிரி நிலைமைல முக்கால்வாசி பேர் அனுப்பியிருப்பாங்க. அது ஒப்புதல் வாக்குமூலமா படிக்கப்படும். அழிக்காதீங்க, அழிச்சா இன்னும் மோசம். இன்னைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்க: காரணம் தெரியாம நல்லெண்ணத்துல சொன்னது, பொறுப்பு யாரோடதுன்னு டெஸ்ட் முடிவுக்கு அப்புறம் பேசலாம், இந்த தேதியில மாதிரி எடுக்கறோம், நீங்களும் வரணும். அதோட நிறுத்துங்க, திட்டினது பத்தி அதுல ஒரு வரியும் வேண்டாம்.