கூண்டு ஏறினால்தான் சக்தி

வணக்கம் சார்,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். தனியார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சின்ன வயதிலிருந்து படம் வரைவேன். நம்ம ஊர் சூப்பர்ஹீரோ ஒருவரை வைத்து 24 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் போட ஆசை. பெயர் 'கேப்டன் ஆழி'. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கடல் விஞ்ஞானி, ஆராய்ச்சியில் நடந்த விபத்தால் சக்தி பெறுகிறார். பறப்பார், மீன்களோடு பேசுவார், அலையை எழுப்புவார், இடியை வரவழைப்பார், நூறு யானை பலம். நீல உடை, உடம்பு முழுக்க மீன்வலைக் கோடு, மார்பில் நங்கூரம், தோளில் மேலங்கி, கையில் சூலம்.

11 பக்கம் வரைந்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் "அக்வாமேன்தானே?" என்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஹீரோ முகம் மாறுகிறது, தம்பி "இவன் வேற ஆளா?" என்று கேட்கிறான். மேற்கொண்டு கை ஓடவில்லை. எங்கே தப்பு? அச்சடிக்கும் முன் காப்பிரைட் வாங்க வேண்டுமா? பக்கங்களை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பதினொரு பக்கத்தையும் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. சிக்கல் கையில் இல்லை, ஆழியிடம் எல்லாமே இருப்பதுதான் சிக்கல். ஐந்து சக்தி, ஐந்து அலங்காரம், ஒரு வெளிநாட்டுப் பட்டம். இல்லாதது ஒன்றுமில்லை. அதனால்தான் கதையும் நகரவில்லை, படமும் நகரவில்லை.

சக்தியை முதலில் பார்ப்போம். பறக்கவும் அலையை எழுப்பவும் இடியை இறக்கவும் தெரிந்தவருக்கு பன்னிரண்டாம் பக்கத்தில் என்ன ஆபத்து வரும்? நீங்கள் அங்கே நின்றுபோனது தற்செயல் இல்லை. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் இரும்புக்கை மாயாவியைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்: மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார், மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். சக்தி ஒன்று, அதற்கு நிபந்தனை ஒன்று, அதில் ஓட்டை ஒன்று. அந்த ஓட்டை வழியாகத்தான் கதை முழுக்க உள்ளே வருகிறது. எதிரி கையைப் பார்த்துவிடலாம், மின்சாரம் கிடைக்காமல் போகலாம். நாயகனை யோசிக்கும்போது இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பென்சிலை எடுக்க வேண்டாம்.

உங்கள் ஊரிலேயே அதற்குச் சரக்கு இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் துறைமுகம். புயல் என்றால் அங்கே கூண்டு ஏற்றுவார்கள். "கடலூர் துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று ஐப்பசி, கார்த்திகையில் செய்தி கேட்காத வருஷம் உண்டா? அந்த எண்களை யாரும் உற்றுக் கவனிப்பதில்லை. 1 முதல் 11 வரை. 1, 2 தூரக்கடலில் இருக்கும் ஆபத்துக்கு. 3, 4 துறைமுகத்துக்கே முன்னெச்சரிக்கை. 5இலிருந்து அபாயம். புயல் துறைமுகத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுக் கரையைக் கடக்கும் என்றால் 5, வலக்கைப் பக்கம் விட்டு என்றால் 6, துறைமுகத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ கடக்கும் என்றால் 7. இதே வரிசை கடும்புயலுக்கு 8, 9, 10. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. பகலில் கூண்டு, இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு.

இதை அப்படியே சக்திக்கான விதியாக்குங்கள். கூண்டு ஏறாத நாளில் அவர் சாதாரண ஆள். 5 ஏறினால் இடக்கைக்கு மட்டும் பலம், 6க்கு வலக்கை, 7க்கு இரண்டும். 8 முதல் 10 வரை அதே வரிசை, பலம் பன்மடங்கு. 11 ஏறினால் பலம் இருக்கும், காது கேட்காது. ஊரே அலறும்போதுதான் இவருக்குப் பலம், வெயில் அடித்தால் ஒன்றுமில்லை. படத்திலும் லாபம்: எந்தக் கை ஓங்குகிறது என்பதை வைத்தே வாசகர் எண்ணைச் சொல்லிவிடுவார், நீங்கள் விளக்கப் பெட்டி போட வேண்டாம்.

பிறகு ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். பலம் புயலிலிருந்து வருகிறதா, கூண்டிலிருந்து வருகிறதா? புயலிலிருந்து என்றால் அவரும் இன்னொரு இயற்கைச் சக்திக்காரர், அப்படிப் பலர் இருக்கிறார்கள். கூண்டிலிருந்து என்று வையுங்கள். அப்போது புயல் நடுவே கூண்டை இறக்கத் தெரிந்த எவனும் அவரை வீழ்த்தலாம். அதைவிட முக்கியம், அவரே பொய்யாக ஒரு கூண்டை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினால் பலம் வரும், ஆனால் தேவனாம்பட்டினத்திலிருந்து சோனங்குப்பம் வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது, அத்தனை வீட்டிலும் அன்றைய வருமானம் போச்சு. எதிரி அறிவாளியாக இருந்தால் புயலே இல்லாத மாசியில் வருவான். மாசி மகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து வெள்ளிக் கடற்கரையில் ஜனம் நெருங்கி நிற்கும்போது வருவான். இவர் என்ன செய்வார்? 24 பக்கம் போதாது என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.

இந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம், விடலாம். விட்டால் இதே அளவு ஊரோடு ஒட்டிய வேறொன்றைப் பிடியுங்கள். விஞ்ஞானியை மட்டும் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர் போதும். அவர் கை எப்படி இருக்கும், எப்படி நிற்பார் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

அக்வாமேன் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் காமிக்ஸில் அந்தக் கடல் நாயகன் 1941இலேயே வந்துவிட்டார், நேமர் என்ற இன்னொரு கடல் நாயகன் அதற்கும் இரண்டு வருஷம் முன்னால். கடல், சூலம், மீனோடு பேச்சு மூன்றும் சேர்ந்தால் எந்த வாசகருக்கும் அவர்கள்தான் ஞாபகம் வருவார்கள். சோதித்துப் பார்க்க வழி உண்டு. நாயகனை 3 சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்து உள்ளே முழுக்கக் கறுப்பு அடியுங்கள். வெறும் நிழலுரு. உங்கள் நிழலுருவில் தெரிவது மேலங்கியும் சூலமும்தான், நங்கூரமும் வலையும் கறுப்புக்குள் போய்விடுகின்றன. ஒரே உட்காரலில் இப்படி இருபது நிழலுரு போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருளை மாற்றி. தலையில் கட்டிய துண்டு, மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஐஸ் உடைக்கும் கட்டை. முதல் ஐந்தாறு எங்கோ பார்த்ததாகவே வரும். பன்னிரண்டுக்கு மேல்தான் உங்களுடையது வர ஆரம்பிக்கும். தம்பியிடம் ஐந்து விநாடி காட்டிவிட்டு, மறுநாள் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்ததில் எது மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் பாத்திரம்.

உடைக்குக் கணக்குப் போடுவோம். 24 பக்கம், பக்கத்துக்கு 5 கட்டம், மொத்தம் 120. அதில் நாயகன் 70இல் வருவார். வலைக்கோடு போட ஒரு கட்டத்துக்கு 8 நிமிஷம் என்றால் 560 நிமிஷம். ஒன்பதே கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் வலை பின்னுகிறீர்கள்! அதுவும் வீண். ஏ4 தாளில் வரைந்து ஏ5இல் அச்சடித்தால் எல்லாம் 70 சதவீதமாகச் சுருங்கும். 1 மில்லிமீட்டர் வலைக்கண் 0.7 ஆகும், மை பரவி அடைத்துக்கொள்ளும். உங்கள் நான்காம் பக்கத்தின் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். அவர் தூரத்தில் பாலத்தின் மேல் நிற்கிறார். ஸ்கேனிலேயே மார்பு ஒரு கறுப்புத் திட்டு. வலை வேண்டும் என்றால் ஒரு தோளில் மட்டும் ஏழெட்டுத் தடித்த கோடாக வையுங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த பேனாவை இந்த அளவு வேலைக்குத் தொடவே வேண்டாம். மேலங்கியை எடுத்துவிடுங்கள். கடற்காற்றில் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று கட்டத்துக்குக் கட்டம் கணக்கு வைப்பது பெரும் தொல்லை.

நீலம் கூடாது. அவருக்குப் பின்னால் இருப்பது கடலும் வானமும், இரண்டும் நீலம். உயிர்காக்கும் சட்டையை ஆரஞ்சில் தைப்பது எதற்கு? தண்ணீரில் தெரியத்தானே. மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள். ஒன்று பெரும்பகுதி, ஒன்று அதில் பாதி, ஒன்று பொட்டு மாதிரி. தீர்மானித்தபின் கணினியில் நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கிப் பாருங்கள். நடுத்தரச் சிவப்பும் நடுத்தர நீலமும் ஒரே சாம்பலாகிவிடும், அப்படியானால் ஒன்றை வெளிறச் செய்யுங்கள். அச்சகம் என்ன செய்யும் என்பதற்கு ஹல்க் நல்ல சாட்சி: 1962இல் முதல் இதழில் அவர் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் ஒரே சீராக வரவில்லை என்று அடுத்த இதழிலேயே பச்சையாக்கினார்கள்.

முகம் மாறுவதற்குக் காரணம், உங்களிடம் முகம் ஒரே பக்கத்திலிருந்துதான் இருக்கிறது. முன்பக்கம் வரும்போதெல்லாம் அதே ஆள், திரும்பினால் புது ஆள். ஒரு தாளில் குறுக்காக எட்டுக் கோடு இழுத்து, தலை முதல் பாதம் வரை எட்டுத் தலை உயரம் என்று வகுத்து, முன், முக்கால், பக்கவாட்டு, பின் என்று நான்கு நிலையிலும் வரையுங்கள். சாதாரண ஆள் ஏழரைத் தலை, நாயகன் எட்டு. உங்கள் இரண்டாம் பக்கத்தில் அவர் ஒன்பது, ஏழாம் பக்கத்தில் ஆறரை. கண், மூக்கு, வாய், காதுமடல் நான்கு நிலையிலும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். இன்னொரு தாளில் ஆறு முகபாவம். கோபத்தை மட்டும் வரைந்து பழகியிருக்கிறீர்கள், அசதியையும் வரையுங்கள். இவர் பாதி நாள் பலமில்லாதவர் அல்லவா? முகத்துக்கு மூன்று அடையாளம் முடிவு செய்யுங்கள்: தாடையின் வடிவம், புருவம், மாறாத ஒரு குறை. அரைப் புருவத்தில் தழும்பு என்றால் அது எந்தப் பக்கம் என்பதைத் தாளில் எழுதியே வையுங்கள், ஐந்தாம் பக்கத்தில் நிச்சயம் இடம் மாறும்.

இதற்கும் சரிவரவில்லை என்றால் களிமண். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவர்களிடம் ஒரு பிடி மண் கேளுங்கள். எலுமிச்சை அளவுக்குத் தலை பிடித்து, மூக்கையும் தாடையையும் மட்டும் சரியாக வைத்து, மேஜையில் நிறுத்தி டார்ச் அடியுங்கள். மேலிருந்து, கீழிருந்து, பக்கத்திலிருந்து. நிழல் எங்கே விழுகிறது என்பதை நீங்கள் இனி ஊகிக்க வேண்டாம்.

எழுத்தை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், நீங்களும். மூன்றாம் பக்கத்தில் ஆழி, "உங்களைக் காப்பாற்றுவதற்காகவே நான் இந்தக் கடலிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன், மக்களே!" என்கிறார். 'காப்பாற்றுவதற்காகவே' என்ற ஒரு சொல்லே பலூனில், அதாவது வசனக் குமிழில், ஒரு வரியைத் தின்றுவிட்டது, அவர் முகத்தில் பாதி பலூனுக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் உங்கள் ஊரில் ஒருவர் என்ன கத்துவார்? "படக விடு! ஆள புடி!" அவ்வளவுதான். பலூனுக்குப் பன்னிரண்டு சொல், கட்டத்தின் மேல் மூன்றிலொரு பங்கு இடம், முதலில் பேசுகிறவர் இடப்பக்கம். கொக்கியும் கொம்பும் மேலும் கீழும் நீளுவதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடத் தாராளமாக வேண்டும். ஒலிச்சொற்களைக் கையாலேயே எழுதுங்கள், ஃபாண்டில் போடாதீர்கள். 'சளப்' என்று எழுதினால் கடைசிப் புள்ளியே ஒரு நீர்த்துளி. இந்த வசதி வேறு எத்தனை மொழிக்கு இருக்கிறது? பழைய போட்டோஷாப்பில் தமிழ் அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிக்கான தேர்வைப் போட்டால் சரியாகிவிடும். அச்சகத்துக்குக் கொடுக்கும்முன் எழுத்துகளைக் 'கர்வ்' செய்துவிடுங்கள், அதாவது படக்கோடாக மாற்றிவிடுங்கள். உங்கள் ஃபாண்ட் அவர்களிடம் இல்லையென்றால் வசனமெல்லாம் கட்டம் கட்டமாக வரும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 24 சரி. உள்ளே கறுப்பு வெள்ளை, 80 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாள். அட்டை மட்டும் கலர், 250 ஜிஎஸ்எம். கோட்டுப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், 300 கலருக்குத்தான். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விடுங்கள், உங்கள் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பலூன் ஓரத்தில் தொங்குகிறது, வெட்டினால் பாதி வசனம் போய்விடும். இருநூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, ஆஃப்செட்டில் பிளேட் செலவு கட்டாது.

காப்பிரைட் வாங்க வேண்டியதில்லை. வரைந்த கணத்திலேயே அது உங்களுடையது, 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 ஆண்டு. பதிவு செய்வது விருப்பம், தகராறு வந்தால் சாட்சியாக உதவும். ஆனால் யோசனைக்குப் பாதுகாப்பு கிடையாது, வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு. பெயரைக் காப்பிரைட் காக்காது, அதற்கு டிரேட்மார்க். அதெல்லாம் மூன்றாவது இதழ் விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். 'ஆழி' நல்ல பெயர், வைத்துக்கொள்ளுங்கள். 'கேப்டன்' வேண்டாம்.

பதினொரு பக்கத்தையும் கிழித்துவிடாதீர்கள். ஆறாம் பக்கத்தில் உப்பனாற்றில் கட்டிக் கிடக்கும் படகுகள் அப்படியே பயன்படும். நாயகனை மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, புது ஆளை அதன்மேல் வரையுங்கள். பின்னால் துறைமுகக் கம்பம் தெரிகிற கட்டத்தில், அன்று என்ன எண் என்று முடிவு செய்து கூண்டையும் மாட்டிவிடுங்கள்.