பழைய ஆர்கெஸ்ட்ரா ஒலிப்பதிவுகளைச் சரவுண்டில் கேட்பது அசலா, ஒப்பனையா?

1950, 60-களில் பதிவான சிம்ஃபனிகளை இப்போது 5.1 (கேட்பவரைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) என்று சரவுண்டாகப் புதுப்பித்து வெளியிடுகிறார்களே, ஸ்டீரியோவில் பதிந்ததை ஐந்து ஸ்பீக்கரில் கொடுப்பது ஏமாற்று இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரேயடியாக ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. அசல் டேப்பில் எத்தனை ட்ராக் (தனித்தனி ஒலித் தடம்) இருந்தது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்திலேயே மூன்று ட்ராக்கில் பதிந்தவர்கள் உண்டு. மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் இசைக்குழுவுக்கு முன்னால் மூன்றே மைக்குகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் தனி ட்ராக்கில் பிடித்தது. இன்னொரு இசைத்தட்டு நிறுவனமான ஆர்.சி.ஏ.வும் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹாலில் மூன்று ட்ராக் டேப்பில் நிறையப் பதிந்தது. ஆனால் இசைத்தட்டில் இரண்டு சேனலுக்குத்தான் இடம். எனவே நடு ட்ராக்கை இடமும் வலமுமாகக் கலந்துவிட்டார்கள். 2004-ல் வரத் தொடங்கிய ஆர்.சி.ஏ. எஸ்.ஏ.சி.டி. (இரண்டுக்கு மேற்பட்ட சேனல்களையும் தாங்கும் உயர்தர சி.டி.) தட்டுகளில்தான் அந்த மூன்றும் கலக்காமல் வீட்டுக்கு வந்தன.

சிகாகோ இசைக்குழுவின் நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனர் 1960-ல் நடத்திய, ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரசாட்’டை நான் அப்படித்தான் கேட்டேன். ஸ்டீரியோவில் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் இசைக்குழுவே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இதில் எங்கே உட்கார்ந்தாலும் நடுவில் இருப்பவர்கள் நடுவிலேயே இருந்தார்கள். பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் மௌனம். இல்லாத எதையும் சேர்க்காத அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

1970-களில் பிலிப்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அரங்கத்தின் முழக்கத்தையும் சேர்த்து நான்கு சேனலில் பதிந்தார்கள். அன்றைய இசைத்தட்டு நான்கையும் சுத்தமாகத் தாங்காது என்பதால் ஸ்டீரியோவாக மட்டும் விற்றார்கள். நெதர்லாந்தின் பென்டடோன் நிறுவனம் பல வருடம் கழித்து அந்த டேப்புகளை எடுத்து வெளியிட்டது. பின்னாலிருந்து வருவது அன்று அந்த அரங்கத்தில் நிஜமாகவே கேட்ட ஒலி.

சிக்கல் இரண்டு ட்ராக் டேப்பில்தான். ஜார்ஜ் ஷோல்டி நடத்திய வாக்னரின் ‘ரிங்’ (நான்கு ஓபராக்களின் தொடர்) 1958 முதல் 1965 வரை வியன்னாவின் சோஃபியன்சால் அரங்கத்தில் பதிவானது. 2022 முதல் அட்மாஸாகவும் வரத் தொடங்கியது. மூல டேப் இரண்டு ட்ராக். இப்படிப்பட்ட டேப்பில் இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதை வாத்தியத்தின் நேரடி ஒலி என்றும், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருப்பதை அரங்கத்தின் எதிரொலி என்றும் கணினியால் ஓரளவு பிரிக்க முடியும். பிரித்த எதிரொலியைச் சற்றுத் தாமதித்துப் பின்னால் அனுப்பலாம். திறமையான வேலைதான். ஆனாலும் அது ஊகம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை இரைச்சலை நீக்குவதில். வாத்தியம் நின்ற பிறகு அரங்கத்தில் நீளும் கார்வை மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் டேப்பின் ‘ஸ்ஸ்’ சத்தத்துக்குள்ளேதான் அடங்கும். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் அந்தக் கார்வையின் வாலும் சேர்ந்தே போய்விடும். அரங்கத்தைத் துடைத்து எறிந்துவிட்டு, அதன் இடத்தில் செயற்கை எதிரொலியைப் பூசுகிறார்கள். சோஃபியன்சால் 2001-ல் தீயில் எரிந்துபோனது. அதன் பழைய ஒலி இன்று டேப்பில் மட்டுமே மிச்சம். அதனால் ‘ரிங்’கை நான் ஸ்டீரியோவிலேயே, இரைச்சலோடு கேட்கிறேன்.

வாங்கும் முன் தட்டின் பின்னட்டையைப் பாருங்கள். மூன்று சேனல் அல்லது நான்கு சேனல் மூல டேப் என்று போட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்றும் போடாமல் வெறும் ‘சரவுண்ட்’ என்றிருந்தால், ஓர் உரத்த இசை சட்டென்று நிற்கும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். ஒலி தானாக அடங்குகிறதா, கத்தரித்தது போல நிற்கிறதா என்பது காதுக்கே தெரிந்துவிடும்.