பைபாஸுக்குப் பிறகு வரும் மறதி: கேள்வி பதில்

இதய சத்திரசிகிச்சை முடித்து வீடு வந்தவர்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டக்களப்பிலுள்ள தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குபவர்) ஒருவரின் பதில்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

திருக்கோவில்: மிஸ், காலையிலிருந்து அப்பாவின் பேச்சு குழறுகிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

இதை முதலில் எடுக்கிறேன். பயிற்சி வேண்டாம் தம்பி, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். திடீரென்று பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம்.

காத்தான்குடி: வாப்பாவுக்கு பைபாஸ் செய்து 5 கிழமை. கடைக் கணக்கை மனதிலேயே போடுகிறவர், இப்போது மீதிக்காசு கொடுக்கத் தடுமாறுகிறார். மூளை பழுதாகிவிட்டதா?

அப்படி முடிவுகட்டாதீர்கள் தங்கச்சி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் 53 வீதமானோருக்கு வீடு திரும்பும்போது ஞாபகமோ கவனமோ குறைந்திருந்தது. 6 மாதத்தில் அது 24 வீதம். ஆனால் 5 வருடத்தில் திரும்பவும் 42 வீதமாகியது. அதனால் மறதி தெளிந்த பிறகும் சீனி, பிரஷர் கிளினிக்கை விடக்கூடாது.

இப்போதே அவரைக் கல்லாவில் இருத்த வேண்டாம். வீட்டில் அமைதியான நேரத்தில் 15 நிமிடம் போதும். 100 ரூபாய்க்குள் காசு எண்ணி மீதி கொடுக்கட்டும். பிழையில்லாமல் வந்தால் தொகையைக் கூட்டுங்கள். அப்புறம் ரேடியோவைப் போட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் கடையில் சத்தம் இருக்கும். பிழைவிட்டால் பேரப்பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். கணக்கில் கெட்டிக்காரராக இருந்த மனிதருக்கு அது பெரிய வலி. நித்திரை குறைந்தாலும் மனம் சோர்ந்தாலும் கவனம் கலையும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி: போன் விளையாட்டுகள் உதவுமா?

விளையாடினால் அந்த விளையாட்டில்தான் கெட்டித்தனம் கூடும். எதில் தடுமாறுகிறாரோ அதையே பழக்குவது நல்லது.

அக்கரைப்பற்று: உம்மாவுக்கு வால்வு மாற்றியது. குளிசை போட்டதையே மறக்கிறார்.

இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் குளிசையா? கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டிபடும். இதை ஞாபகத்தை நம்பி விடவே கூடாது. நாளுக்கு ஒரு அறையுள்ள பெட்டி வாங்குங்கள், போட்டதும் கலண்டரில் கோடு போடட்டும், நீங்களும் பாருங்கள்.

ஆரையம்பதி: நடக்கும்போதே மூளைக்கும் வேலை கொடுக்கலாமா?

நல்ல பயிற்சி அது. டொக்டர் நடக்கச் சொன்ன பிறகு, சமதரையில், ஒருவர் பக்கத்தில் வர நடக்கட்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லட்டும், பிறகு பின்னிருந்து. கால் தடுமாறினால் பேச்சை நிறுத்திவிட்டு நடை மட்டும்.