வாக்காளர் 2,300 பேர், விழுந்த ஓட்டு 9,400: இணையக் கருத்துக்கணிப்பைப் பார்த்துக் கலங்கலாமா?

கேள்வி: எங்கள் நகராட்சி வார்டில் என் அத்தை சுயேச்சையாக நிற்கிறார். உள்ளூர்ச் செய்தி போடும் ஓர் இணையதளம் ‘வார்டு மக்கள் யார் பக்கம்?’ என்று கருத்துக்கணிப்பு நடத்துகிறது. அதில் அத்தைக்கு 6 சதவீதம்தான். வீட்டில் எல்லோரும் சோர்ந்துவிட்டோம். தெரிந்த பையன் ஒருவன், 3,000 ரூபாய் கொடுத்தால் ஆயிரம் ஓட்டு ஏற்றித் தருவதாகச் சொல்கிறான். என்ன செய்யலாம்? திரையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். வார்டில் மொத்தம் 2,300 வாக்காளர்கள்.

பதில்: முதலில் அந்தப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் நீங்கள் அனுப்பிய படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ‘மொத்த ஓட்டுகள்: 9,400’. உங்கள் வார்டில் செல்போனையே தொடாத பாட்டிமார்கள் உட்பட அத்தனை பேரும் ஆளுக்கு ஒருமுறை அழுத்தியிருந்தாலும் 2,300ஐத் தாண்டாது. இது அதைப்போல நாலு மடங்கு. அந்த 6 சதவீதம் உங்கள் வார்டைப் பற்றிச் சொல்வது எதுவும் இல்லை.

இத்தனை ஓட்டு எப்படி வருகிறது? இப்படிப்பட்ட தளங்கள் பல, ஓட்டுப் போட்டவரின் பிரவுசரில் குக்கி என்ற அடையாளத்தை வைத்துவிட்டு, அது இருந்தால் மறுபடி விடுவதில்லை. அதை அழித்தாலோ ரகசிய விண்டோவில் திறந்தாலோ அதே ஆள் திரும்பப் போடலாம். சில தளங்கள் ஐபி எண்ணை, அதாவது இணைய இணைப்பின் முகவரியைப் பார்த்துத் தடுக்கும். போனை ஒரு நிமிடம் ஃபிளைட் மோடில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் அந்த எண்ணும் மாறிவிடும். இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், ஒரே வைஃபையில் இருக்கும் குடும்பத்தில் முதல் ஆள் போட்டதும் மற்ற நால்வருக்கும் கதவு மூடிவிடும். ஏமாற்றுகிறவன் உள்ளே போய்விடுவான், நியாயமாகப் போட வந்தவர் வெளியே நிற்பார்.

சரி, யாருமே ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இது தேறாது. அந்த இணைப்பு யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் முதலில் போகும். திருப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பையன்கள் ஆர்வமாக அழுத்துவார்கள், வாக்குப்பதிவு அன்று அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பூ கட்ட உட்காரும் அம்மாவும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மதியம் திரும்பும் அக்காவும் அந்த இணைப்பைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்கள் அவர்கள். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் சரியாகத்தானே இருக்கும் என்று பலரும் கேட்பார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் திரும்பி வந்தன. அதை வைத்து, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்தது ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்து. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தத்தில் நாடே தவித்த அந்தக் காலத்தில் டெலிபோனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, சீட்டு கிடைத்தவர்களிலும் கால்வாசிப் பேர்தான் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்ற கருத்துக்கணிப்பாளர், எல்லாத் தரப்பினரும் வரும்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

காசு கொடுத்து ஓட்டு ஏற்றுவதும் புதிதல்ல. டிரம்ப்பின் வழக்கறிஞராக இருந்த மைக்கேல் கோஹன், இணையக் கருத்துக்கணிப்புகளில் டிரம்ப்புக்கு ஓட்டு ஏற்ற ஆள் பிடித்ததை 2019ல் ஒப்புக்கொண்டார். அப்படி ஏற்றியும், 2014ல் சிஎன்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முன்னணித் தொழிலதிபர்கள் யார் என்று நடத்திய கணிப்பில் முதல் நூறு பேருக்குள்கூட டிரம்ப் பெயர் வரவில்லை. உங்கள் 3,000 ரூபாய்க்குத் துண்டுப் பிரசுரம் அடியுங்கள். ஓட்டு ஏற்றிய கதை வெளியே வந்தால் அத்தையின் பெயர்தான் கெடும்.

அந்தத் தளத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவைக் காட்டவும் வேண்டாம். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போல் வெளியிடுவதைத் தடுப்பதற்கான சட்டம் அது. நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ‘வார்டு மக்கள்’ என்ற தலைப்பை ‘எங்கள் தளத்தில் அழுத்தியவர்கள்’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘மற்றவர்கள்’ என்று மொத்தமாகத் தள்ளாமல் எல்லா வேட்பாளர் பெயரையும் போடச் சொல்லுங்கள். கணிப்பு முடியும்வரை சதவீதத்தை மறைக்கச் சொல்லுங்கள், முந்துகிறவர் பக்கம் சாய்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பயன்படுவது கீழே இருக்கும் கருத்துகள்தான். சாக்கடை அடைப்பு எந்தத் தெருவில், குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஜனங்களே எழுதியிருப்பார்கள். ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலவரம் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே எடுக்கலாம். வார்டு வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, 1 முதல் 23க்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். 7 வந்தால் 7, 30, 53 என்று ஒவ்வொரு 23ஆவது பெயராகக் குறித்தால் 100 பேர் கிடைப்பார்கள். பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் அந்த 9,400ஐவிட உங்கள் வார்டுக்கு எவ்வளவோ நெருக்கமானது. ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டைக் கேட்காதீர்கள், அதே ஆளைத் தேடி மறுபடி போங்கள்.

அத்தையோ வீட்டு ஆட்களோ போய்க் கேட்கக் கூடாது. கருத்துக்கணிப்புக்கு வீடு வீடாக அலைந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பதில், “பார்த்துப் போடுவோம் தம்பி”. வேட்பாளரின் சொந்தக்காரர் வாசலில் நின்றால் அதுவும் மாறி, “உங்களுக்குத்தான்மா” என்றாகிவிடும். அக்கம்பக்கத்தில் முகம் தெரியாத இரண்டு கல்லூரிப் பெண்களை அனுப்புங்கள். பெயர் எழுதாத சீட்டைக் கொடுத்து, மடித்து ஒரு டப்பாவில் போடச் சொல்லட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகட்டும், பகலில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அகப்பட மாட்டார்கள்.