ஈ முட்டைல 9 நிமிஷம், நமக்கு ஒரு நாள்: செல் பிரியறது பத்தி கேள்வி பதில்

பூச்சிக்கும் பாலூட்டிக்கும் குரோமோசோம் (செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏ கட்டு) காப்பி ஆகறதுல, செல் பிரியறதுல என்ன வித்தியாசம்னு நெறய பேர் கேட்டிருக்கீங்க, வரிசையா சொல்றேன்.

குன்னூர், பிளஸ் டூ பையன்: அக்கா, ரெண்டுக்கும் ஒரே முறைதானா?

முறை ஒண்ணுதான்பா, வேகம்தான் வேற. பழ ஈ முட்டைல ஆரம்பத்துல ஒரு சுத்து 9 நிமிஷம் போலத்தான், அதுவும் நியூக்ளியஸ் (குரோமோசோம் இருக்கற பை) மட்டும் 13 தடவ பிரியும், நடுவுல செல் சவ்வே கெடையாது, ஒரே முட்டைக்குள்ள ஆயிரக்கணக்குல நியூக்ளியஸ் கெடக்கும், அப்புறந்தான் சவ்வு வந்து ஒவ்வொண்ணா மூடும். மனுசக் கரு மொத தடவ ரெண்டாகவே ஒரு நாள் ஆயிடும்.

அதே பையன்: ஈக்கு டிஎன்ஏ கம்மி, அதனாலயா?

கம்மிதான், 18 கோடி எழுத்து போல, நமக்கு 300 கோடி. ஆனா அதே ஈ புழுவா இருக்கறப்ப றெக்கை ஆகப்போற செல் பிரிய மணிக்கணக்கு ஆகுதே, டிஎன்ஏ அதேதானே? முட்டைல காப்பி வேலை ரொம்ப நெருக்கமா பல எடத்துல ஒரே நேரத்துல ஆரம்பிக்குது, கோத்தகிரி ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கேங் எறக்குன மாதிரி. தேவையான புரோட்டீன் எல்லாம் தாய் ஈ முன்னாடியே முட்டைல போட்டு வெச்சிருது. புக்ல படிக்கற ஜி1, ஜி2 இடைவெளியும் (காப்பி ஆகறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செல் காத்திருக்கற நேரம்) அப்ப இல்ல.

கோத்தகிரி, தேனீப் பெட்டி வெச்சிருக்கறவர்: ஆண் தேனீக்கு அப்பா இல்லையாமே?

ஆமாங்கண்ணா, விந்து சேராத முட்டைலேர்ந்து வர்றதால 16 குரோமோசோம்தான், பெண்ணுக்கு 32. அதனால விந்து உண்டாகறப்ப குரோமோசோம பாதியாக்குற கட்டத்த அப்படியே விட்டுடும்.

ஊட்டி: குளிர்ல மெதுவாகுமா மேடம்?

பூச்சிக்கு கண்டிப்பா. பழ ஈ 25 டிகிரில முட்டைலேர்ந்து ஈயாக 10 நாள் போல, 18 டிகிரின்னா கிட்டத்தட்ட டபுள். நமக்கு உள்ள எப்பவும் 37, ஊட்டி பனியெல்லாம் செல்லுக்குத் தெரியாது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு வந்த வீரோ செல் கூட குரங்கு கிட்னி செல்தான், அத பொதுவா 37 டிகிரிலதான் வளப்பாங்க.

குன்னூர், காலேஜ் பொண்ணு: பிரியாம காப்பி மட்டும் ஆகுமா?

இதத்தான் எதிர்பாத்தேன்! ஈ புழுவோட எச்சில் சுரப்பில ஆகும், ஆயிரம் இழை வரைக்கும் பிரியாம ஒட்டிக்கிட்டு தடியா, வரி வரியா நிக்கும், 1881லயே பால்பியானிங்கற விஞ்ஞானி கொசு மாதிரி இருக்கற ஒரு பூச்சியோட புழுல இத பாத்துட்டார். நம்ம கல்லீரல் செல்லுலயும் டபுள் ஆகும், ஆனா அந்த வரியெல்லாம் தெரியாது. நீங்களே பாக்கணும்னா, தேங்குன தண்ணில செவப்பா நெளியற அந்த வகை புழு கெடைச்சா தலைய ஊசியால இழுங்க, கூடவே சுரப்பி வரும், அசிட்டோகார்மைன் (குரோமோசோமுக்கு ஏத்தற செவப்புச் சாயம்) விட்டு கவர் ஸ்லிப் போட்டு கட்ட விரலால அழுத்துங்க. ஒட்டியிருக்கற கொழுப்ப மொதல்ல எடுத்துடுங்க, இல்லன்னா ஒண்ணும் வெளங்காது.